மறுமை நம்பிக்கையை அளப்பது எப்படி? சென்னையில் முதல்முறை களத்துக்குப் போகிறவர்களுக்கு

மண்ணடியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "இறந்த பிறகு வாழ்க்கை உண்டு என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்பார்கள். பக்கத்து வீட்டிலும் ஆமாம். தெருக்கோடி வரை ஆமாம்தான். மாலையில் படிவங்களை எடுத்து அடுக்கினால் எல்லாவற்றிலும் ஒரே கட்டத்தில் டிக் விழுந்திருக்கும். நடுவில் யாராவது ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்ன தம்பி கேள்வி இது? அதை நம்பாம முஸ்லிமா இருக்க முடியுமா?" என்று கேட்டிருப்பார்.

அவர் கேட்டது நியாயம். மறுமை நாளை, அதாவது இறந்தவர்கள் எழுப்பப்பட்டு விசாரிக்கப்படும் நாளை நம்புவது, ஈமான் என்கிற இஸ்லாமிய நம்பிக்கையின் ஆறு அம்சங்களில் ஒன்று. அதனால் நம்புகிறீர்களா என்று கேட்கும்போது, நீங்கள் முஸ்லிம்தானா என்று கேட்பதாகவே அது அவர் காதில் விழுகிறது. சமூகவியல், உளவியல், சமூகப் பணி படிக்கிற மாணவர்கள் இந்தத் தலைப்பை ஆசையாக எடுத்துக்கொண்டு இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அளப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் எங்கே வேறுபடுகிறது என்று தேடிப்போய் அதைக் கேட்க வேண்டும்.

முதல் படி: எதை அளக்கப் போகிறீர்கள்?

நம்பிக்கை என்ற ஒரு சொல்லுக்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. உண்டா இல்லையா என்பது ஒன்று. எவ்வளவு உறுதி என்பது வேறு. விவரங்கள் தனி: கப்ரில் (மண்ணறையில்) முன்கர், நகீர் என்ற வானவர்கள் கேட்கும் விசாரணை, எல்லோரும் எழுப்பப்பட்டுக் கூடும் மஹ்ஷர் மைதானம், செயல்களை நிறுக்கும் மீஸான் தராசு, நரகத்தின் மேல் போகும் ஸிராத் பாலம், ஷஃபாஅத் என்கிற பரிந்துரை. அப்புறம், அந்த நினைப்பு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எத்தனை தடவை வருகிறது? வரும்போது பயமா, ஆசையா? அதனால் ஏதாவது செய்கிறாரா, செய்யாமல் விடுகிறாரா?

சார்ல்ஸ் க்ளாக் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1962-லேயே சமயப் பற்றை நம்பிக்கை, சடங்கு, அனுபவம், அறிவு, விளைவு என்று ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். முஸ்லிம்களைப் பற்றிய ஆய்வுகளும் அந்தப் பிரிப்பைப் பயன்படுத்தியிருக்கின்றன. நீங்கள் ஐந்தையும் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். முதல் ஆய்வுக்கு இரண்டு போதும். என்னைக் கேட்டால் நினைவும் உணர்வும்: எவ்வளவு அடிக்கடி மனதில் வருகிறது, வரும்போது எப்படி இருக்கிறது. இந்த இரண்டிலும்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருக்கும் அளவுகோல்களைப் பாருங்கள்

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒஸார்சுக், டாட்ஸ் இருவரும் 1973-ல் அமெரிக்காவில் வெளியிட்ட மறுவாழ்வு நம்பிக்கை அளவுகோல். மரணத்தோடு எல்லாம் முடிகிறதா, தொடர்கிறதா என்ற ஒரே கோட்டில் ஆளை நிறுத்துவது அது. சென்னை முஸ்லிம்களிடம் அதை வைத்தால் எல்லோரும் ஒரு முனையிலேயே போய் நிற்பார்கள். டெம்ப்ளர் 1970-ல் செய்த மரண அச்ச அளவுகோல் வேறு வகை. அது நம்பிக்கையை அளக்காது, பயத்தை அளக்கும். இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

நமக்குக் கிட்டத்தில் இருப்பவை இரண்டு. அஹ்மத் அப்துல் காலிக் 2004-ல் வெளியிட்ட 20 கேள்விகள் கொண்ட அரபு மரண அச்ச அளவுகோல், சமாதி பற்றிய பயத்தையும் இறந்த பிறகு நடப்பவை பற்றிய பயத்தையும் தனித்தனியாகத் தொடுகிறது. அபூ ரையா, பர்கமென்ட் குழுவினர் 2008-ல் வெளியிட்ட இஸ்லாமியச் சமயப் பற்று அளவுகோலில் நம்பிக்கைப் பகுதி ஒன்றும், துன்பத்தை அல்லாஹ்வின் தண்டனையாகப் பார்க்கும் மனநிலை பற்றிய பகுதி ஒன்றும் உண்டு. எதையும் அப்படியே தூக்கி வராதீர்கள். அவற்றின் அமைப்பை எடுத்துக்கொண்டு கேள்விகளை இங்கேயே எழுதுங்கள். மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் பிடிவாதம் பிடித்தால், ஒருவர் தமிழாக்கி, அசலைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமான முறையை விடாதீர்கள். ஆனால் அது சொல் சரியா என்று மட்டும்தான் காட்டும். மேலப்பாளையத்திலிருந்து வந்து பெரம்பூரில் குடியிருக்கும் ஒரு பாட்டி அதைக் கேட்டு என்ன புரிந்துகொள்கிறார் என்பதைப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

பெரிய கணக்கெடுப்புகளையும் ஒருமுறை புரட்டுங்கள். அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2012-ல் வெளியிட்ட அறிக்கைக்காக 39 நாடுகளில் 38,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை நேரில் சந்தித்துக் கேட்டார்கள். சொர்க்கம், நரகம் பற்றிய கேள்விகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் மிகப் பெரும்பான்மையோர் ஆமாம் என்றே சொன்னார்கள். அதே மையம் இந்தியாவில் 2019 இறுதியிலிருந்து 2020 மார்ச் வரை கிட்டத்தட்ட 30,000 பேரிடம் 17 மொழிகளில் கேட்டு 2021-ல் வெளியிட்ட அறிக்கை இதைவிடச் சுவாரஸ்யமானது. கர்மாவை நம்புவதாகச் சொன்ன முஸ்லிம்கள் 77%, இந்துக்களும் அதே 77%. மறுபிறவியை நம்புவதாகச் சொன்ன முஸ்லிம்கள் 27%.

இந்த 27-ஐ வைத்துக்கொண்டு உடனே கட்டுரை எழுத உட்காராதீர்கள். அதில் உண்மையிலேயே மறுபிறவியை நம்புகிறவர்கள் இருக்கலாம். பல தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற ஊரில் அது அதிசயமில்லை. "செஞ்ச பாவம் சும்மா விடாது" என்று ஜாம்பஜாரில் மீன் விற்கிறவரும் சொல்கிறார், வாங்க வந்த பாயும் சொல்கிறார். ஆனால் மறுமையில் மறுபடி எழுப்பப்படுவதை மனதில் வைத்து ஆமாம் சொன்னவர்களும் இருக்கக்கூடும். தமிழில் மறுமை, மறுபிறவி, மறுவாழ்வு எல்லாம் வேகமாக வாசித்தால் காதில் ஒன்றாகவே விழும். அதனால் ஆமாம் என்பவரிடம் இன்னொரு கேள்வி போட்டுவிடுங்கள்: "இதே உலகத்தில் வேறு ஆளாகப் பிறப்பதைச் சொல்கிறீர்களா, கியாமத் (இறுதித் தீர்ப்பு) நாளில் எழுப்பப்படுவதைச் சொல்கிறீர்களா?" அரை நிமிட வேலை.

மூன்றாம் படி: கேள்வி எழுதுவது

நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

பாடப்புத்தகம் சொல்கிறது என்று எதிர்மறைக் கேள்விகளை நுழைக்காதீர்கள். "மறுமை என்று ஒன்று கிடையாது: ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன்" என்று வாசித்தால், மறுக்கிறேன் என்ற பதில் வருவதற்கு முன்னால் "அஸ்தக்ஃபிருல்லாஹ்" (அல்லாஹ் மன்னிப்பானாக) வந்துவிடும். காதால் அதைக் கேட்பதே சிலருக்குப் பொறுக்காது. எதிர்மறை தேவைப்பட்டால் அன்றாடப் பழக்கத்தில் வையுங்கள். "வேலை மும்முரத்தில் ஆகிரத் (மறுமை) பற்றிய நினைப்பே வருவதில்லை" என்று வாசித்துப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள்.

அடுத்தது உறுதி பற்றிய கேள்வி. "நீங்கள் சொர்க்கம் போவீர்கள் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள்?" என்று கேட்டால் தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகையைக்கூட விடாத ஒரு அம்மா, "அதை நான் எப்படிப்பா சொல்றது? அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்பார். நீங்கள் 'தெரியாது' என்று வட்டம் போடுவீர்கள். கணினிக்கு அவர் சந்தேகக்காரர். கல்லூரிப் பையன் ஒருவன் யோசிக்காமல் 5 என்பான், அவன் உறுதியான நம்பிக்கையாளன். கணக்கு தலைகீழ். தன் முடிவைத் தானே உறுதியாகச் சொல்லிக்கொள்ளாமல் அச்சத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் நடுவில் இருப்பதுதான் ஒரு முஸ்லிமுக்கு அழகு என்று மதரஸாவிலும் பயானிலும் (மார்க்கச் சொற்பொழிவிலும்) சொல்லிக்கொடுக்கிறார்கள். எனவே மறுமை உண்டு என்பதில் உள்ள உறுதியையும் தன் கதி பற்றிய உறுதியையும் ஒரே கேள்வியில் கலக்காதீர்கள். "அல்லாஹ் அறிவான்" என்ற பதிலுக்குப் படிவத்தில் தனிக் கட்டம் வேண்டும். 'தெரியாது'வுக்குப் பக்கத்தில்கூட அதை வைக்காதீர்கள்.

விவரங்களைக் கேட்கும்போது பரீட்சை வாடை அடிக்கக் கூடாது. மீஸான் என்றால் என்ன, ஸிராத் என்றால் என்ன என்று வரிசையாகக் கேட்டால் நீங்கள் அளப்பது மதரஸாவில் எத்தனை வருடம் படித்தார் என்பதை. அறிவு வேண்டுமென்றால் அதை அறிவு என்றே பெயரிட்டுத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

ஷஃபாஅத், இறந்தவர்களுக்காக ஓதும் கத்தம் ஃபாத்திஹா, தர்காவுக்குப் போகும் ஜியாரத் மூன்றும் நெருப்பு. இந்த வழக்கங்களை ஏற்கும் சுன்னத் ஜமாஅத்காரர்களுக்கும், இவை மார்க்கத்தில் இல்லை என்கிற தவ்ஹீத்காரர்களுக்கும் சண்டை நடப்பது பெரும்பாலும் இங்கேதான். "இறந்தவர்களுக்காக ஃபாத்திஹா ஓதுவது பலன் தருமா?" என்று கேட்டால் நீங்கள் எந்தக் கட்சி என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதே விஷயத்தைத் திறந்த கேள்வியாகப் போடலாம்: "உங்கள் வீட்டில் மவ்த்தாகி (இறந்து) போனவர்களுக்காகப் போன ஒரு வருடத்தில் என்னென்ன செய்தீர்கள்?" ஒருவர் குர்ஆனின் யாஸீன் அத்தியாயம் ஓதியதைச் சொல்வார். ஒருவர் நாற்பதாம் நாள் சோறு போட்டதை. இன்னொருவர், "துஆ மட்டும்தான், வேறெதுவும் மார்க்கத்துல இல்ல" என்று அழுத்திச் சொல்வார். மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் நின்றுவிடும், மூன்றைத் தவிர என்ற ஹதீஸ் (நபிமொழி) எல்லாத் தரப்பிலும் பரிச்சயம்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, பெற்றோருக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை. பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தது, தண்ணீர்த் தொட்டி கட்டியது, குர்ஆன் பிரதிகள் வைத்தது எல்லாம் இந்தத் திறந்த கேள்விக்குப் பதிலாக வந்து விழும். யாரையும் எந்தப் பக்கத்திலும் நிறுத்தாமல் செயலை அளந்துவிடலாம்.

நான்காம் படி: யாரிடம் கேட்பது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86%, சென்னையில் 9.45%. இதற்கு மேல் தெருவாரியான பட்டியல் எதுவும் கிடைக்காது. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்துப் பொறுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கையில் முஸ்லிம் பெயர்கள் அச்சடித்த தாளோடு ஓர் அந்நியர் தெருவில் நடப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்ததை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. "இது அந்தக் குடியுரிமைக் கணக்கெடுப்பா?" என்ற கேள்வி இன்றும் வரும். அதற்குப் பதில் வாயில் மட்டும் இருந்தால் போதாது. கல்லூரிக் கடிதம் கையில் இருக்க வேண்டும், பெயரும் விலாசமும் கேட்காத படிவத்தை முதலிலேயே காட்டிவிட வேண்டும்.

சென்னை முஸ்லிம் என்று ஒரு ஆள் கிடையாது. மண்ணடி, முத்தியால்பேட்டைப் பக்கம் கடலோர ஊர்களிலிருந்து வந்த தமிழ் பேசும் மரைக்காயர், லெப்பைக் குடும்பங்கள், பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு). ராவுத்தர்கள் ஹனஃபி. திருவல்லிக்கேணியில் 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலைச் சுற்றியும் ராயப்பேட்டையிலும் உருது பேசும் குடும்பங்கள். அண்ணா சாலையில் ஆயிரம் விளக்கு மசூதி ஷியாக்களுடையது. மறுமையை அவர்கள் 'மஆத்' என்று தங்கள் அடிப்படைக் கொள்கைகள் ஐந்தில் ஒன்றாக வைக்கிறார்கள், பரிந்துரையில் நபியின் குடும்பத்து இமாம்களின் இடமும் வேறு. போரா, கச்சி மேமன், மலையாள மாப்பிளா என்று இன்னும் நீளும். சிறிய ஆய்வில் எல்லோரையும் சேர்த்து 'சென்னை முஸ்லிம்கள்' என்று தலைப்பு வைப்பதைவிட, தமிழ் பேசும் சுன்னிகள் என்று வரையறுத்துக்கொண்டு உருப்படியாகச் செய்யலாம். உருது பேசுவோரைச் சேர்த்தால் படிவத்தை வாசித்துக்காட்ட ஆள் வேண்டும். வீட்டில் உருது பேசினாலும் அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத இளைஞர்கள் உண்டு.

பள்ளிவாசல் வாசலில் நின்று கேட்பது சுலபம். அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். ஆனால் அங்கே கிடைப்பவர்கள் தொழ வந்த ஆண்கள். பெண்கள் இல்லை, வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வருகிறவர்கள் குறைவு, வராதவர்கள் சுத்தமாக இல்லை. ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பான மஹல்லாவைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் வீடு வீடாக, இத்தனை வீட்டுக்கு ஒன்று என்று போங்கள். வீட்டில் யாரிடம் கேட்பது என்பதையும் முன்கூட்டியே ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கதவைத் திறக்கிற மூத்த மகனிடமே எல்லாப் பேட்டியும் முடிந்துவிடும். எண்ணிக்கை பற்றிக் கேட்பார்கள்: ஒரு விகிதத்தை 95% நம்பகத்தில் ஐந்து புள்ளி முன்பின்னாகச் சொல்ல எளிய தற்செயல் மாதிரியில் சுமார் 384 பேர் வேண்டும். மஹல்லா மஹல்லாவாகக் கூட்டமாக எடுப்பதால் அதை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆக்க வேண்டிவரும். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு அது முடியாது. 60 பேரோடு ஆழமாகப் பேசிவிட்டு, இது சென்னையின் விகிதம் அல்ல என்று தெளிவாக எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஜமாஅத் தலைவரிடமும் இமாமிடமும் முதலில் சொல்லிவிடுவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. ஆனால் "நம்ம ஹஜ்ரத் (இமாம்) அனுப்பினார்" என்ற பேச்சு பரவிவிட்டால் பதில்கள் எல்லாம் ஹஜ்ரத்துக்குச் சொல்லும் பதில்களாக மாறிவிடும். அனுமதி வாங்குங்கள், கூட ஆள் அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்லித் தவிர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: எப்போது, யார் கேட்பது?

மராக்கெஷ் நகரக் கடைக்காரர்களிடம் நடந்த ஒரு பரிசோதனை 2015-ல் வெளியானது. தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் காதில் விழும் நேரத்தில் அவர்கள் தர்மத்துக்குப் பணம் போகும் தேர்வை அதிகம் எடுத்தார்கள். நம் ஊருக்கும் இது பாடம். அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கு ஐந்து நிமிடம் முன்னால் எடுத்த பேட்டியும் காலை பதினொரு மணிப் பேட்டியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. படிவத்தின் மூலையில் நேரத்தை எழுதுங்கள். ரமலானிலும், ரமலானுக்கு முந்தைய மாதத்தில் வரும் பராஅத் இரவை ஒட்டியும் கபர்ஸ்தான் (அடக்கத்தலம்) போய்வந்த மனதோடு பேசுவார்கள். அதுதான் உங்கள் ஆய்வின் நோக்கம் என்றால் சரி, இல்லையென்றால் அந்த நாட்களைத் தவிருங்கள். இஸ்லாமிய மாதங்கள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால் போன வருடத் திட்டத்தை அப்படியே இந்த வருடத்துக்கு எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எந்தக் கதவையும் தட்டாதீர்கள்.

பெண்களிடம் பெண்கள் கேட்கட்டும். சமீபத்தில் மவ்த்து நடந்த வீட்டுக்குப் போகவே வேண்டாம். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற துக்கக் காலத்தில் இருப்பார், அந்நிய ஆண்களைச் சந்திக்க மாட்டார். பேட்டி நடுவில் யாராவது அழுதுவிட்டால் படிவத்தை மூடிவிடுங்கள். அந்தப் படிவம் பாதியில் நின்றால் நின்றுபோகட்டும்.

பேட்டி எடுக்கிறவர் முஸ்லிமாக இருந்தால் தொழுகை, நோன்பு எல்லாம் கொஞ்சம் கூட்டியே சொல்லப்படும். முஸ்லிம் அல்லாதவராக இருந்தால் சிலர் மார்க்கத்தை விளக்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு வகை ஆட்களையும் கலந்து அனுப்பி, யார் எடுத்தது என்று குறித்துவைத்தால் வித்தியாசத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஆறாம் படி: ஒத்திகை

ஒன்று முதல் ஐந்து என்ற எண்கள் படித்தவர்களுக்குப் பழக்கம், வயதானவர்களுக்கு அல்ல. புளியங்கொட்டை நல்ல கருவி. பயத்துக்கு ஒரு தட்டு, எதிர்பார்ப்புக்கு ஒரு தட்டு, இரண்டுக்கும் தனித்தனியாக ஐந்து கொட்டை. பத்துக் கொட்டையைக் கொடுத்து இரண்டாகப் பிரிக்கச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் பயம் கூடினால் எதிர்பார்ப்பு குறைந்தே ஆக வேண்டும், அது நீங்கள் திணித்த விதி. ஐஸ்ஹவுஸ் பக்கம் அப்படிப் பத்தைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஒத்திகையில் ஒரு பாட்டிம்மா எல்லாவற்றையும் பயத்தின் பக்கம் தள்ளிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "ரஹ்மானாச்சே" (அருளாளனாச்சே) என்று இரண்டை மட்டும் இந்தப் பக்கம் இழுத்துவைத்தார். தாளில் 8, 2 என்று மட்டும் எழுதினால் அவர் சொன்ன அந்தச் சொல் போய்விடும். ஓரத்தில் எழுத இடம் விடுங்கள்.

ஒத்திகையில் ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று பத்துப் பேரிடமாவது கேளுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே மாறிவிடும்.

ஏழாம் படி: கணக்கு

கிட்டத்தட்ட எல்லோரும் 5 போட்ட கேள்விகளைச் சேர்த்து, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆல்ஃபா எண்ணைப் பார்த்தால் அது குறைந்து நிற்கும். கருவி கெட்டது என்று அர்த்தமில்லை, பதில்களில் அசைவே இல்லை. அப்படிப்பட்ட கேள்விகளைக் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனியாக அறிக்கையிடுங்கள். சராசரியை மட்டும் தராமல் பதில்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டுங்கள். முடிந்தால் இருபது முப்பது பேரிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். நரகப் பயம் அதிகம் உள்ளவர்கள் தர்மமும் அதிகம் செய்கிறார்கள் என்று வந்தால், பயத்தால்தான் செய்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு காரணத்தைச் சொல்லாது.

எந்தப் பள்ளிவாசல், எந்தச் சந்து என்று பெயர் போட்டு விகிதம் வெளியிடக் கூடாது. பத்துப் பேருக்குக் குறைவான பிரிவுகளைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். 'ஈமான் குறைந்தவர்கள்', 'ஈமான் மிகுந்தவர்கள்' என்ற தலைப்புகள் அட்டவணையில் வரவே கூடாது. 'அடிக்கடி நினைப்பதாகச் சொன்னவர்கள்' என்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, அவர்கள் சொன்னதை மட்டும் எழுதுங்கள்.

ஆய்வேடு முடிந்ததும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்று எழுதி, அனுமதி தந்த ஜமாஅத்துகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு போனால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். எதிர்க்கேள்விகள் நிறைய வரும், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.